வாரன் வந்தால்தான் அளக்க முடியும்: விவியன் பேலியின் வகுப்பறை நூல்கள்

1

பிரச்சினை இரண்டு கம்பளங்கள். வகுப்பில் ஜாக்கும் அவரைக்கொடியும் கதையை நடிக்கப் போகிறார்கள். ஒரு கம்பளம் ஜாக்கின் வீடு, மற்றது அரக்கனின் கோட்டை. அரக்கனுக்குப் பெரிய கம்பளம்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எது பெரியது என்பதில்தான் சண்டை. இரண்டும் ஒன்றுதான் என்கிறான் எடி. இல்லவே இல்லை என்கிறான் வாலி. ஒரு கம்பளத்தைச் சுற்றி அடி அடியாக எண்ணிக்கொண்டே நடக்கிறான், பிறகு இன்னொன்றை. எண்ணிக்கை வேறுபடுகிறது. எடி விடுவதாக இல்லை. நீ வேகமாக நடந்தாய், இது அழுகுணி ஆட்டம்.

எல்லோருக்கும் ஐந்து வயதுதான். அடுத்த யோசனை, ஆட்களைப் படுக்க வைத்து அளப்பது. படுக்கிறார்கள். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மறுபடி அளக்க வரும்போது வாரன் லீவு. வாரன் இல்லாமல் எப்படி அளப்பது?

ஆட்களின் உயரத்தை நம்பாமல் அளக்க வழியுண்டா என்று ஆசிரியை மெதுவாகக் கேட்கிறார். குள்ளமானவர்களை வைத்து அளக்கலாம் என்கிறது ஒரு குழந்தை. மூன்று வயதுக்காரர்களை வைத்து அளக்கலாம் என்கிறது இன்னொன்று. வகுப்பில் இருக்கும் அளவுகோல்களையெல்லாம் கொண்டுவந்து வரிசையாக வைக்கிறார்கள். போதவில்லை. மிச்ச இடத்தில் ஆண்டியைப் படுக்கச் சொல்கிறார்கள். ஆண்டி, தான் ஒன்றும் அவ்வளவு குள்ளமில்லை என்று கோபித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டே போய்விடுகிறான். சரி, பொம்மைகளை வைப்போம். ஆகக் கம்பளத்தின் நீளம், பத்து அளவுகோல் இரண்டு பொம்மை. பொறுத்துப் பார்த்த ஆசிரியை அளவு நாடாவை விரித்துக் காட்டுகிறார். 156 அங்குலம். பாடம் முடிந்தது.

மறுநாள் வாரன் வந்துவிடுகிறான். வாலிக்கு ஒரே சந்தோஷம், இனி நிஜமாகவே அளக்கலாம். நேற்று நாம் அளந்தது நிஜமில்லையா என்று ஆசிரியை கேட்கிறார். அளவுகோலெல்லாம் நிஜமா என்ன, என்பதுதான் வாலியின் பதிலின் சாரம்.

விவியன் கஸ்ஸின் பேலி 1981-ல் வெளியிட்ட 'வாலியின் கதைகள்' நூலில் வரும் இடம் இது. முதல் வாசிப்பில் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். பிள்ளைகள் பேசினாலே அழகுதானே. ஆனால் நான் தொழில்முறையில் அளப்பவன். என் வேலையில் பாதி, ஒரு மென்பொருள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எண்களாகப் போட்டுக் காட்டுவது. அந்தக் கண்ணோடு திரும்பப் படித்தால் இந்தப் பிள்ளைகள் அரை மணிக்கூறில் தொட்டுச் சென்ற கேள்விகள் எளியவை அல்ல என்று தெரியும். அலகு ஒரே சீராக இருக்க வேண்டுமா? அலகுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விழலாமா? ஒரே அலகைத் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கலாமா? இரண்டு வேறு அலகுகளைக் கலக்கலாமா? அலகு தொலைந்துபோனால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வியை உலகத்தின் அறிவியலாளர்கள் 2019 வரை கையில் வைத்திருந்தார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த ஓர் உருளை 1889 முதல் பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறது. ஒரு கிலோகிராம் என்றால் அந்த உருளையின் எடை. அவ்வளவுதான் வரையறை. அது தேய்ந்தால் கிலோகிராமே தேய்ந்தது என்று பொருள். 2019 மே 20 அன்றுதான் அதை விட்டுவிட்டு இயற்கை மாறிலி ஒன்றை அடிப்படையாகக் கொண்டார்கள். அதுவரை உலகம் முழுக்க வாரனை நம்பித்தான் அளந்துகொண்டிருந்தது. வாலி சொன்னதில் என்ன தப்பு? நம் ஊரில் இன்றைக்கும் மல்லிகைப்பூ முழக்கணக்கில்தான் விற்கிறது. முழம் யார் கை என்பதைப் பொறுத்தது. பூக்காரம்மா கை குட்டையாக இருந்தால் வாங்குகிறவர் முணுமுணுப்பார், ஆனால் டேப் கொண்டுவரச் சொல்லமாட்டார்.

இந்தக் காட்சியைப் 'விளையாட்டின் வழியே கணிதம்' என்று ஒரு கல்வியாளர் எளிதாகத் தலைப்பிட்டுவிடலாம். பேலி அப்படித் தலைப்பிடவில்லை. தான் கற்றுத்தர நினைத்தது பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை என்பதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு 156 என்பதில் அக்கறை இல்லை. கோட்டை எங்கே, யார் படுப்பது, வாரன் எப்போது வருவான் என்பதில்தான் அக்கறை. அளவு அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கதைக்காக. கதையை எடுத்துவிட்டால் அளக்க ஒன்றுமில்லை.

2

பேலி 1929-ல் சிகாகோவில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி பாலர் வகுப்பு ஆசிரியை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார். ஜான் டூயி 1896-ல் தொடங்கிய பள்ளி அது. 1989-ல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு அந்த நல்கை போவது வழக்கமில்லை. 2019-ல் இறந்தார். பத்துக்கும் மேற்பட்ட நூல்கள். எல்லாமே சின்ன நூல்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான், ஒரு வகுப்பு, ஓராண்டு, பிள்ளைகள் என்ன பேசினார்கள்.

அவருடைய கருவிகள் இரண்டு. முதலாவது டேப் ரெக்கார்டர். பள்ளிக்கு வந்த ஓர் அறிவியல் ஆசிரியர் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டு, வரும் பதில்களை ஆர்வத்தோடு கவனித்ததைப் பார்த்துத்தான் தனக்கும் கேட்கத் தோன்றியது என்று பேலி பின்னாளில் எழுதியிருக்கிறார். அதன்பின் தினமும் வகுப்பைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதத் தொடங்கினார். எங்கள் துறையில் லாக் என்று ஒன்று உண்டு. சர்வரில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் கோப்பு. ஏதாவது உடைந்தால்தான் அதைத் திறந்து பார்ப்போம். பேலி தினமும் திறந்து பார்த்தார், எதுவும் உடையாத நாளிலும். தன் குரலையும் சேர்த்துத்தான் கேட்டார். எங்கே அவசரப்பட்டுக் குறுக்கே பேசினோம், எந்தக் குழந்தையின் கேள்வியைக் காதில் வாங்கவில்லை என்பதெல்லாம் நூல்களில் இருக்கிறது.

இரண்டாவது கருவி, கதை சொல்லி நடிப்பது. ஒரு குழந்தை வந்து கதை சொல்லும். இரண்டே வாக்கியமாக இருந்தாலும் சரி. ஆசிரியை சொன்னபடியே எழுதிக்கொள்வார். அன்றைக்கே வகுப்பு வட்டமாக உட்கார்ந்து அதை நடிக்கும். யார் எந்த வேஷம் என்பதைக் கதை சொன்ன குழந்தை முடிவு செய்யும். செலவே இல்லாத முறை. ஒரு காகிதம், ஒரு பென்சில், தரையில் ஒரு மேடை, கேட்பதற்கு ஒரு பெரியவர். இந்தக் கடைசிதான் கிடைப்பது கஷ்டம்.

இந்த முறைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று புரிய எனக்கு உதவியவர் லெவ் வைகாட்ஸ்கி. குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி அவர் 1933-ல் லெனின்கிராடில் ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே காசநோயில் இறந்துவிட்டார். உரை அச்சாவதற்கு 1966 வரை ஆனது. அதில் ஓர் உதாரணம் வருகிறது. ஐந்து வயதும் ஏழு வயதும் ஆன இரண்டு அக்கா தங்கைகள், 'அக்கா தங்கை விளையாட்டு' விளையாடுகிறார்கள். நிஜத்தில் அவர்கள் அக்கா தங்கைதான். இதில் விளையாட என்ன இருக்கிறது? இருக்கிறது என்கிறார் வைகாட்ஸ்கி. வாழ்க்கையில் அவர்கள் அப்படி இருக்கிறார்கள், யோசிப்பதில்லை. விளையாட்டில் அக்கா என்றால் எப்படி நடக்க வேண்டும் என்ற விதியைத் தேடி எடுத்துத் தங்களுக்கே போட்டுக்கொள்கிறார்கள். ஒரே மாதிரி உடை, கை கோத்து நடப்பது, மற்றவர்களிடம் நாங்கள் வேறு என்று காட்டிக்கொள்வது. விளையாட்டு என்றால் கட்டற்றது என்பது பெரியவர்களின் எண்ணம். வைகாட்ஸ்கியின் வாதப்படி கற்பனைச் சூழல் இருக்கும் இடத்தில் எல்லாம் விதி இருக்கிறது. சொப்புச் சாமான் வைத்துச் சமைக்கிற குழந்தையைக் கவனித்தால் தெரியும். சோறு வெந்ததும் தானே முதலில் சாப்பிட்டுவிடாது. அம்மா அப்படிச் சாப்பிடமாட்டாள். பசித்தாலும் பொறுக்கும். வேறெந்த நேரத்தில் சொன்னாலும் கேட்காத பிள்ளை அது.

பேலியின் பிள்ளைகள் வாலியும் எடியும் இதைத்தான் செய்கிறார்கள். கம்பளம் கோட்டை ஆனதும் அதற்கு ஒரு விதி வந்துவிடுகிறது. விதி வந்ததும் நியாயம் வருகிறது. நியாயம் வந்தால் வாதம். வாதம் வந்தால் மொழி.

3

1990-ல் வந்த 'ஹெலிகாப்டராக இருக்க விரும்பிய சிறுவன்' பேலியின் நூல்களில் அதிகம் பேசப்பட்டது. ஜேசன் என்ற சின்னப் பையன். அவன் ஒரு ஹெலிகாப்டர். எப்போதும். அவனுடைய ஹெலிகாப்டரின் இறக்கைகள் எப்போதும் உடைந்திருக்கும், எப்போதும் பழுது பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகளோடு சேரமாட்டான். திடீரென்று சத்தமிட்டுக்கொண்டு அவர்களின் ஆட்டத்துக்குள் புகுந்து கலைத்துவிடுவான்.

இன்றைக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதல் மாதமே பெற்றோரை அழைத்துப் பேசுவார்கள். பெயர் ஒன்று வைப்பார்கள். அந்தப் பெயர் பல வீடுகளுக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பேலி பெயர் வைக்க மறுக்கிறார். ஜேசனை ஒரு நோயாளியாகப் பார்க்காமல் ஒரு கதைசொல்லியாகப் பார்க்கிறார். அவனிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது, அதில் ஒரே ஒரு பாத்திரம். மற்றவர்களின் கதைக்கு அதில் வழியில்லை.

நூலின் திருப்பம் ஒரு சாதாரணக் கேள்வியில் நடக்கிறது. வேறொரு பிள்ளையின் கதையை நடித்துக்கொண்டிருக்கும்போது ஜேசன் மேடைக்குள் பறந்து வந்துவிடுகிறான். 'போடா அந்தப் பக்கம்' என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கதையில் ஹெலிகாப்டர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்று தெரிந்ததும் ஜேசன் போய் உட்காருகிறான். பலமுறை திரும்பப் படித்த இடம் எனக்கு இது. உட்கார், சத்தம் போடாதே, நல்ல பிள்ளையாக இரு என்பதெல்லாம் ஜேசனின் உலகத்துக்கு வெளியிலிருந்து வரும் கட்டளைகள். கதையில் ஹெலிகாப்டர் இருக்கிறதா என்பது உள்ளேயிருந்து வரும் கேள்வி. அவன் ஹெலிகாப்டர் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. கூடவே, கதை இன்னொருவருக்குச் சொந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு பேருக்கும் மரியாதை.

இதன்பின் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதை அற்புதம் என்று சொல்லமாட்டேன். பேலியும் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தில் ஹெலிகாப்டருக்கு ஓர் இடம் ஒதுக்கத் தொடங்குகிறார்கள். அவன் இறங்குவதற்கு ஒரு தளம், தங்கள் கதையில் ஒரு வரி. அவனும் எப்போதாவது ஹெலிகாப்டரை நிறுத்திவிட்டு இன்னொருவரின் ஆட்டத்துக்குப் போய்வருகிறான். ஒருநாள் முன்னே போனால் இரண்டு நாள் பின்னே. இந்த ஏற்ற இறக்கத்தை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் நூல் நம்பத்தகுந்ததாக இருக்கிறது.

வைகாட்ஸ்கியிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. குழந்தை விளையாட்டின் வழியே வளர்கிறது என்பது ஒரு கோட்பாட்டு வாக்கியம். எந்தக் குழந்தை, யாருடைய விளையாட்டில், யார் இடம் கொடுத்ததால் என்பது நாவலாசிரியரின் கேள்வி. ஜேசனை வளர்த்தது விளையாட்டு என்ற பொதுப்பொருள் கிடையாது. அவனை விடத் தங்கள் கதையில் இருந்த மூன்று நான்கு பிள்ளைகள்தான். இடம் கொடுக்காமல் இருந்திருந்தால்?

4

அந்த 'இருந்திருந்தால்' இரண்டாண்டு கழித்து வேறொரு நூலாக வந்தது. 'நீ விளையாடக்கூடாது என்று நீ சொல்லக்கூடாது', 1992. பேலியின் ஆகச் சிறந்த நூல் இதுதான் என்பது என் துணிபு. அவர் நம்பிவந்த ஒன்றை அவரே கேள்வி கேட்கும் நூல் என்பது காரணம்.

அதுவரை பேலியின் நூல்கள் எல்லாம் பிள்ளைகளின் விளையாட்டில் தலையிடாதே என்று சொன்னவை. இந்த நூலில் அவர் கண்ணில் படுவது, அந்தச் சுதந்திரத்துக்குள்ளேயே சில பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பது. ஒவ்வொரு வகுப்பிலும் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிற ஓரிருவர் உருவாகிவிடுகிறார்கள். சேர்க்கப்படாதவர்களும் உருவாகிவிடுகிறார்கள். ஐந்து வயதில் தொடங்குவது அப்படியே மேல் வகுப்புகளுக்கும் போகிறது. எனவே சட்டம் கொண்டுவருகிறார். யாரையும் 'உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்' என்று சொல்லக்கூடாது.

கொண்டுவரும் முன் பல வாரங்கள் விவாதிக்கிறார். மேல் வகுப்புகளுக்குப் போய்ப் பெரிய பிள்ளைகளிடம் கருத்துக் கேட்கிறார். அவர்களின் பதில்தான் நூலிலேயே வலிக்கும் பகுதி. நியாயமான சட்டம்தான், ஆனால் நடக்காது என்கிறார்கள். எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, சின்னப் பிள்ளைகளிடம் தொடங்கிப் பாருங்கள் என்கிறார்கள். வாழ்க்கையில் ஒதுக்கப்படத்தான் போகிறோம், இப்போதே பழகிக்கொள்வது நல்லது என்றும் சிலர். பத்து வயதுக்காரர்கள் பேசுகிற பேச்சா இது?

பேலியின் சொந்த வகுப்பில் லிசா என்ற சிறுமி எதிர்க்கிறாள். ஆட்டத்தின் சொந்தக்காரி அவள்தான். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் விளையாட்டுக்கு அர்த்தமே இல்லையே என்பது அவள் கேள்வி. பேலி இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறாரே தவிர முழுதாகப் பதில் சொல்லவில்லை. லிசா சொல்வதில் உண்மை இருக்கிறது. அவரவர் விருப்பத்துக்கு இணங்கி விதி போட்டுக்கொள்வதுதான் விளையாட்டு என்றால், ஆசிரியை சுவரில் ஒட்டிவைத்த விதியோடு விளையாடுவதை என்னவென்று சொல்வது?

நம் தெருக்களில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு வெகுகாலமாக இருக்கிறது. ஒப்புக்குச் சப்பாணி. அண்ணனோடு வந்த மூன்று வயதுத் தம்பியை விட்டுவிட முடியாது, அழுவான். சேர்த்தாலும் ஆட்டம் கெட்டுவிடும். அதனால் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது. அவனும் ஓடலாம், அவனையும் தொடலாம். தொட்டால் அவுட் இல்லை. அவனுக்கு அது தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே கண்டுபிடித்த ஏற்பாடு. லிசாவுக்கும் ஆட்டம் கெடாது, ஒதுக்கப்பட்ட பிள்ளையும் அழாது. லிசா தமிழ்நாட்டில் பிறந்திருந்தால் இதைத்தான் முன்வைத்திருப்பாள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சப்பாணி என்றால் நடக்க முடியாதவர். கால் இல்லாதவரை ஆட்டத்தில் சேர்ப்பதுபோல என்பதுதான் உவமை. கருணைக்குள்ளேயே ஓர் இளக்காரம் ஒளிந்திருக்கிறது. மூன்று வயதில் அது தெரியாது. ஐந்து வயதில் ஒருநாள், தன்னை யாரும் அவுட் ஆக்குவதில்லை என்பதைக் கவனித்துவிடுகிற நாளில், அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும். 'டேய், நானும் நெஜமா ஆடுறேன்டா' என்று கெஞ்சிய குரல் நம்மில் பலருக்கும் ஞாபகம் இருக்கும், சொன்னவராகவோ கேட்டவராகவோ.

பேலியின் சட்டம் ஒப்புக்குச் சேர்ப்பதை ஏற்காது. சேர்ந்தவருக்கு நிஜமான வேஷம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டம் வந்தபின் வகுப்பில் இறுக்கம் தளர்ந்தது என்று எழுதுகிறார். ஒதுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, ஒதுக்க வேண்டிய பொறுப்பிலிருந்து விடுபட்டவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்ததாம். இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவர் ஆசிரியை. சட்டம் போட்டவரும் அவர். பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும் இடத்தில் மட்டும்தான் விளையாடினார்களா என்ன?

5

அந்தச் சந்தேகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் பேலியின் மீதான என் விமர்சனம் கிடைக்கும். மூன்று விஷயங்கள்.

ஒன்று, வடிவம். பேலியின் உரையாடல்கள் நாடகப் பிரதிபோல ஒருவர் பின் ஒருவராக வரும். நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து பேசுவதை ஒருமுறை பதிவு செய்து கேட்டவர்களுக்குத் தெரியும், பாதி சத்தம், மீதி ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுவது. பேலி வெட்டி ஒட்டித்தான் தருகிறார். அது எழுத்தாளரின் உரிமை. ஆனால் இதை ஆய்வுத் தரவாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1997-ல் வந்த 'பழுப்புக் கிரேயான் சிறுமி'யில் இந்த வெட்டு ஒட்டு மிகத் துலக்கமாகத் தெரிகிறது. லியோ லியோனியின் படக்கதைகளை ஓராண்டு முழுக்க வாசித்த வகுப்பு அது. பிள்ளைகள் கதைகளிலிருந்து எடுக்கும் பொருள் ஆசிரியை விரும்பிய பொருளோடு அடிக்கடி பொருந்திவிடுகிறது. வாலி போல யாரும் முரண்டு பிடிப்பதில்லை.

இரண்டு, ஒலிப்பதிவுக் கருவி பேசுகிறவர்களைத்தான் கேட்கும். பேலியின் நாயகர்கள் எல்லோரும் பேச்சுக்காரர்கள். ஜேசனும் ஒருவகையில் அப்படித்தான், ஹெலிகாப்டர் சத்தமும் சத்தம்தானே. மணலை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளை இந்த நூல்களின் ஓரத்தில்தான் நிற்கிறது.

மூன்று, இடம். பல்கலைக்கழக வளாகத்துப் பள்ளி. கூட்டமில்லாத வகுப்பு. கேட்பதற்கு நேரம் உள்ள ஆசிரியை. நம்மூரில் நிலைமை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு மழலையர் பள்ளியின் கையேட்டில் அட்டை முழுக்க 'விளையாட்டு வழிக் கல்வி' என்று இருந்தது. உள்ளே கால அட்டவணையில் விளையாட்டுக்கு இருபது நிமிடம். யூகேஜி பிள்ளைக்கு மூன்று நோட்டில் வீட்டுப்பாடம். 'ப்ளே வே மெத்தட்தான் சார், ஆனா பேரன்ட்ஸ் எழுத்து கேக்குறாங்க' என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது பொய்யில்லை. பெற்றோர் கேட்கத்தான் செய்கிறார்கள். எழுத்தை நோட்டில் காட்டலாம். வாரன் வரும்வரை காத்திருந்ததை எந்த நோட்டில் காட்டுவது?

இந்தக் கட்டத்தில் வழக்கமாக ஒரு வாதம் வரும். விளையாட்டு மூளையை வளர்க்கிறது, ஆய்வுகள் நிரூபித்துவிட்டன. கேட்க வசதியான வாதம். ஆனால் 2013-ல் ஆஞ்சலின் லில்லார்ட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 'சைக்கலாஜிகல் புல்லட்டின்' இதழில் இந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துவைத்துப் பரிசீலித்தார்கள். குறிப்பாகப் பாவனை விளையாட்டு பற்றியவற்றை. மூன்று சாத்தியங்களை முன்வைத்தார்கள். பாவனை விளையாட்டுதான் வளர்ச்சிக்கு இன்றியமையாத காரணம். அல்லது பல வழிகளில் அதுவும் ஒரு வழி. அல்லது வளர்ச்சிக்குக் காரணம் வேறெதுவோ, விளையாட்டு அதோடு கூடவே வரும் நிழல். முதலாவதற்கு வலுவான சான்று இல்லை என்பதே அவர்கள் கண்டது. பல ஆய்வுகளில் மாதிரி சிறியது. சிலவற்றில் விளையாடச் சொன்னவரே மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

இலக்கியம் வாசிக்கிற நமக்கு இந்தக் கதை பரிச்சயமானது. அதே 2013-ல் 'சயின்ஸ்' இதழில் கிட், கஸ்தானோ என்ற இரு ஆய்வாளர்கள், இலக்கியப் புனைவைக் கொஞ்ச நேரம் வாசித்தாலே பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்று எழுதினார்கள். நம் ஆட்களுக்கு ஒரே குஷி. 'பாத்தியா, சயின்ஸே சொல்லிருச்சு' என்று எத்தனை பகிர்வுகள். 2016-ல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதற்காக யாராவது நாவல் படிப்பதை நிறுத்தினோமா? நாம் அதற்காகப் படித்திருந்தால்தானே நிறுத்துவதற்கு.

பயனைச் சொல்லி ஒன்றைக் காப்பாற்றப் போனால், பயன் இல்லை என்று ஓர் ஆய்வு வரும்போது கையில் எதுவும் இருக்காது. அதோடு பயனுக்கான விளையாட்டை வடிவமைக்கத் தொடங்கியதும் அது விளையாட்டாக இருப்பதில்லை. எண்ணைக் கற்றுத்தரும் புதிர், எழுத்தைக் கற்றுத்தரும் பொம்மை, ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் ஒளிந்து நின்று மதிப்பெண் போடுகிறார். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 156 அங்குலம் என்பதில் வாலியின் வகுப்புக்கு அக்கறை இல்லாமல் போனதே, அதுதான்.

6

அப்படியென்றால் விளையாட்டைக் காப்பாற்ற என்னதான் வாதம் மிச்சம்? பேலி ஒரு வழி காட்டுகிறார் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் விளையாட்டில் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை மூன்று என்கிறார். கற்பனை, நியாயம், நட்பு. எதிர்காலத்துக்கான தயாரிப்பாக இவை வருவதில்லை. ஐந்து வயதில் வாழ்க்கையே இவைதான். யார் என்னோடு இருப்பார்கள், எது சரி, நான் வேறொருவராக இருந்தால் எப்படி இருக்கும். இந்த வாழ்க்கையை வாழ அவர்களிடம் இருக்கும் ஒரே இடம் விளையாட்டு. அந்த இடத்தைப் பறிப்பது பின்னாளில் கணக்கு வராமல் போகும் என்பதால் தவறாகவில்லை. இன்றைக்கு ஒருவருடைய வீட்டை இடிப்பதால் தவறாகிறது.

வீடு என்று சொல்வது வெறும் உவமைக்காக இல்லை. நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் எட்டாம் பருவம் சிற்றில். சிறுமியர் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை வந்து காலால் கலைக்கப் பார்க்கிறது. கலைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவதே பாட்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பதிகம் முழுக்க இந்த வேண்டுதல்தான். எதிரே நிற்பது கடவுள். கலைக்கப்படப் போவது கொஞ்சம் ஈர மணல். இருந்தும் பாடுகிறவர்கள், மணல்தானே போகட்டும் என்று சொல்வதில்லை. கட்டக் கை வலித்ததைச் சொல்கிறார்கள், பட்ட பாட்டைச் சொல்கிறார்கள். இதனால் எங்களுக்கு என்ன பயன் என்று ஒரு சிறுமியும் விளக்கம் கொடுப்பதில்லை. நாங்கள் கட்டியது, உள்ளே நாங்கள் இருக்கிறோம் என்பதே போதுமான நியாயமாக இருக்கிறது. பெரியவர்கள், அதுவும் பெரும் புலவர்கள், சிறுமியரின் குரலை எடுத்துக்கொண்டு மணல் வீட்டுக்காக வழக்காடியிருக்கிறார்கள்.

பேலி அந்த வரிசையில் வருகிறவர் என்று இழுத்துக் கட்ட நான் முயலவில்லை. அவருக்கு இந்த மரபு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் நூல்கள் எதைச் செய்கின்றன என்று யோசிக்கும்போது எனக்கு நினைவு வந்தது சிற்றில் பருவம்தான், கல்வியியல் பாடநூல்கள் இல்லை.

படிக்க நினைப்பவர்கள் 'வாலியின் கதைக'ளில் தொடங்கலாம். சிரித்துக்கொண்டே போகும். பிறகு லிசாவும் அவளால் ஒதுக்கப்பட்டவர்களும் வரும் நூல். அதைப் படிக்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் பாருங்கள். நான் பாதிவரை லிசா பக்கம் இருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லும் இடத்தில் பக்கம் மாறினேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட, ஒதுக்குவது சரி என்று சொல்லவில்லை. நடக்காது என்று மட்டும்தான் சொன்னார்கள்.